வாய்தா தரலாம், வாரி வழங்கலாமா?

"பதில் மனு போட இன்னும் கொஞ்சம் டயம் வேணும்."

சிவில் கோர்ட்டுகளில் கேஸ் கூப்பிட ஆரம்பித்ததும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "சரி, அடுத்த மாதம்" என்று தேதி விழுகிறது. வழக்குப் போட்டவர் பஸ் பிடித்து வீடு திரும்புகிறார்.

ஒரு சின்னக் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். பணம் திரும்பவில்லை. கோர்ட்டுக்குப் போனார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடைக்கு அரை நாள் பூட்டு. வக்கீல் பீஸ் தனி. கடன் வாங்கியவருக்கோ சல்லிக்காசு நஷ்டம் இல்லை. இழுக்க இழுக்க அவருக்கு லாபம்!

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் கெடு இல்லாமல் இல்லை. சம்மன் கிடைத்த 30 நாளில் பிரதிவாதி பதில் மனு போடவேண்டும். முடியாவிட்டால், காரணத்தை எழுதிவைத்துவிட்டு 90 நாள் வரை கோர்ட்டு டயம் தரலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 2002-ல் வந்த திருத்தம் இது. விசாரணையில் ஒரு தரப்புக்கு 3 வாய்தாவுக்கு மேல் கூடாது என்றும் இருக்கிறது.

90 நாள் தாண்டினால் கதவு அடைத்தே தீரவேண்டும் என்பதில்லை என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஆனால் மிகவும் கஷ்டமான கேஸ்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. முதல் பாதியை ஞாபகம் வைத்துக்கொண்டு, இரண்டாம் பாதியை மறந்தால் எப்படி?

பெரிய வியாபார வழக்குகளுக்கு 2015-ல் தனிச் சட்டம் வந்தது. அதில் 120 நாள் தாண்டினால் பதில் மனு போடும் உரிமையே போச்சு. பெரிய கம்பெனிக்குக் கிடைக்கும் கண்டிப்பு, சின்னக் கடைக்காரருக்கு வேண்டாமா?

யாருக்குத் தரவேண்டும்?

அதற்காக டயமே தரக்கூடாது என்பதல்ல. ஆஸ்பத்திரியில் கிடப்பவர், சம்மனைப் படிக்கத் தெரியாத பாட்டி, வக்கீல் வைக்க வழியில்லாத கூலிக்காரர், இவர்கள் முகத்தில் கதவைச் சாத்தினால் 'எக்ஸ்பார்ட்டி' தீர்ப்பாகி வீடு வாசல் போய்விடும். கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை உள்ள நாட்களைக் கெடுவில் கணக்கிட வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட்டது. அது நியாயம்.

"பைல் மேஜை மேஜையாகப் போயிட்டிருந்தது" என்பது நியாயமா? தபால் இலாகா 427 நாள் தாமதமாக அப்பீலுக்கு வந்தது. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. சர்க்காருக்கு ஒரு கெடு, ஜனங்களுக்கு ஒரு கெடு கிடையாது.

புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம். டயம் கேட்டால் காரணம் என்ன என்று கேட்கட்டும். அதை எழுதிவைக்கட்டும். காரணம் சொத்தையானால், காத்திருந்தவரின் செலவுத் தொகையைக் கேட்டவர் தலையில் கட்டட்டும். காசு கைவிட்டுப் போனால், டயம் கேட்கும் வாய் தானாக மூடிக்கொள்ளும்!