ஏலத்தில் போன விலை ஒப்பந்தத் தொகை ஆகாது

அடையாறிலும் பெசன்ட் நகரிலும் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் பேண்டஸி கிரிக்கெட் லீக்குகளில் ஒரு விதி கேள்வி கேட்பாரின்றி நிலைத்துவிட்டது. ஐபிஎல் வீரர்களை வைத்து ஆளுக்கொரு அணி கட்டுகிறோம். அணிக்கு நூறு கோடி கற்பனைப் பணம். ஏலத்தில் ஒரு வீரர் என்ன விலைக்குப் போகிறாரோ அதுவே அவருடைய ஒப்பந்தத் தொகை. அவரை எத்தனை ஆண்டு தக்கவைத்தாலும் அதே தொகைதான் பர்ஸிலிருந்து கழியும். ‘ஏலம் சொன்னதுதான் மதிப்பு, அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்?’ என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

இந்த நியாயம் நிற்காது. ஏல விலை ஒரு வீரர் ஒரு நாள் என்ன விலைக்குப் போனார் என்பதற்கான பதிவு, அவ்வளவுதான். அதை மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு அவர் தலையில் கட்டுவது லீக்கையே கெடுக்கிறது. இன்று இதைப் பேச இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டத்துக்குப் பிறகு டிரீம்11 போன்ற நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்திவிட்டன. காசில்லாமல், ஆர்வத்துக்காக மட்டுமே ஆடும் நண்பர் வட்டங்களில்தான் இனி இந்த ஆட்டம் உயிரோடு இருக்கும். அங்கே விதி சரியாக இருந்தாக வேண்டும்.

முதல் வாதம்: ‘பத்துப் பேர் உட்கார்ந்து கேட்ட விலை தப்பாக இருக்குமா?’

பத்துப் பேர் கேட்பதில்லை. கடைசிவரை கேட்பவர்கள் இரண்டு பேர். சுத்தியல் விழும் விலை, இரண்டாவது ஆள் எங்கே நிறுத்தினார் என்பதை மட்டும் சொல்கிறது. சாஸ்திரி நகரில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்த ஏலத்தின் கடைசி அரை மணி நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். டிவி திரையில் எக்செல் பட்டியல். முக்கால்வாசிப் பெயர்களில் நிறம் மாறிவிட்டது. மிச்சமிருப்பது ஒரே ஒரு உருப்படியான விக்கெட் கீப்பர். பர்ஸில் பணம் வைத்திருப்பவர்களும் இரண்டே பேர். “மச்சி, காசை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற? கேளு!” என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. ஐந்து கோடி பெறாதவர் பதினேழு கோடிக்குப் போகிறார். அதே ஆள் ஏலத்தின் முதல் பத்து நிமிடத்தில் வந்திருந்தால் ஆறு கோடிக்கு முடிந்திருக்கும்.

உண்மையான ஐபிஎல் ஏலமும் இப்படித்தான். 2023 டிசம்பரில் துபாயில் கொல்கத்தாவும் குஜராத்தும் மாறி மாறிக் கேட்டதில் மிட்செல் ஸ்டார்க் 24.75 கோடிக்குப் போனார். அடுத்த மே மாதம் நம் சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியில் முதல் ஓவரிலேயே அபிஷேக் சர்மாவின் ஸ்டம்பைச் சாய்த்து, 14 ரன்னுக்கு 2 விக்கெட் எடுத்து, ஆட்டநாயகன் விருதும் வாங்கினார். ஒரு பந்துவீச்சாளர் தன் மதிப்பை நிரூபிக்க இதைவிட என்ன செய்ய வேண்டும்? ஆனால் ஆறே மாதத்தில், ஜெட்டா ஏலத்தில் டெல்லி அவரை 11.75 கோடிக்கு எடுத்தது. அணிக்கு நூறு கோடி பர்ஸ் இருந்தபோது 24.75, பர்ஸ் 120 கோடியாக உயர்ந்தபோது அதில் பாதிகூட இல்லை.

வனிந்து ஹசரங்காவைப் பாருங்கள். 2022 ஏலத்தில் பெங்களூரு கொடுத்தது 10.75 கோடி. அந்த ஆண்டு 26 விக்கெட் எடுத்தார். 2023 டிசம்பர் ஏலத்தில் அடிப்படை விலையான 1.5 கோடிக்கு ஹைதராபாத் எடுத்தது. அதற்கடுத்த ஏலத்தில் ராஜஸ்தான் 5.25 கோடி கொடுத்தது. மூன்று ஏலம், மூன்று விலை. இவற்றில் எது அவர் மதிப்பு என்று ‘ஏலம் சொன்னதே மதிப்பு’ என்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சேலத்துக்காரர் நடராஜனின் கதை இன்னும் தெளிவு. 2017இல் பஞ்சாப் கொடுத்தது 3 கோடி. மறு ஆண்டு 40 லட்சத்துக்கு ஹைதராபாத் வந்தார். அந்த 40 லட்ச ஒப்பந்தத்தில் இருந்தபோதுதான் 2020இல் யார்க்கர் யார்க்கராகப் போட்டு 16 விக்கெட் எடுத்தார், அங்கிருந்து ஆஸ்திரேலியா போய் இந்தியாவுக்கும் ஆடினார். 2024 நவம்பரில் டெல்லி 10.75 கோடி கொடுத்தது. 2025இல் ஆடக் கிடைத்தது இரண்டே ஆட்டம். விலை குறைவாக இருந்தபோது பலன் அதிகம், விலை உச்சத்தில் இருந்தபோது பலன் இல்லை. இதில் அவர் குற்றம் எதுவும் இல்லை.

நம் ஊர் லீக்குகளுக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு: மஞ்சள் சட்டைக்குக் கூடுதல் விலை. ருதுராஜையோ, மஞ்சள் சட்டையில் இருந்தவரை ஜடேஜாவையோ, சென்னையில் யாராவது நிதானமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அஸ்வினை 2024 நவம்பரில் சூப்பர் கிங்ஸ் 9.75 கோடிக்கு எடுத்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். மேற்கு மாம்பலத்துப் பையன் வீடு திரும்பிவிட்டான் என்று நானும் மகிழ்ந்தேன். அடுத்த சீசனில் ஒன்பது ஆட்டத்தில் ஏழு விக்கெட், 2025 ஆகஸ்ட்டிலேயே ஐபிஎல்லிலிருந்து ஓய்வு. அன்பு காட்டலாம், தப்பில்லை. அன்பால் ஏறிய விலையை லீக்கின் கணக்குப் புத்தகத்தில் நிரந்தரமாக எழுதிவைப்பதுதான் தப்பு.

இரண்டாவது வாதம்: ‘ஐபிஎல்லே அப்படித்தான் செய்கிறது.’

பாதி உண்மை. ஒரு பெரிய ஏலத்துக்கும் அடுத்த பெரிய ஏலத்துக்கும் நடுவில், பொதுவாக, வாங்கிய விலையே ஒப்பந்தத் தொகையாகத் தொடர்கிறது. ஆனால் சுற்று முடிந்ததும் ஐபிஎல் அந்த விலைகளைக் கடாசிவிடுகிறது. தக்கவைக்கும் வீரர்களுக்குப் படிநிலைத் தொகை வைக்கிறது: 2018இல் 15, 11, 7 கோடி, 2022இல் 16, 12, 8, 6, 2025க்கு 18, 14, 11, மறுபடி 18, 14. முந்தைய ஏலத்தில் ஒருவர் எவ்வளவுக்குப் போனார் என்ற கேள்வியே அங்கே இல்லை. தோனி 2022இல் 12 கோடி. 2025க்கு 4 கோடி. ஐந்து ஆண்டு சர்வதேச ஆட்டம் ஆடாதவர் ‘அன்கேப்டு’ என்ற விதியால் வந்த தொகை அது. சேப்பாக்கத்தில் அவர் மட்டையோடு இறங்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டவர் யாரும் அதை அவருடைய மதிப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னும் நேரடியான சான்று 2025 டிசம்பர் அபுதாபி ஏலம். கேமரூன் கிரீனுக்கு கொல்கத்தா கேட்ட விலை 25.20 கோடி. அவர் கைக்குப் போவது 18 கோடி. சிறு ஏலத்தில் வெளிநாட்டு வீரருக்கு அதற்கு மேல் இல்லை என்று விதி, மிச்சம் வாரியத்துக்கு. அணியின் பர்ஸில் முழுத் தொகையும் கழிந்தது என்றாலும், ஏல விலை வேறு, ஒப்பந்தத் தொகை வேறு என்று ஐபிஎல்லே பிரித்துவிட்டது.

பேண்டஸி ஆட்டத்தின் தாய்வீட்டிலும் விலையை அப்படியே விடவில்லை. 1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய ராட்டிசரி பேஸ்பால் லீக்கின் வழியில் அணிக்கு 260 டாலர் பர்ஸ். அந்த வகை லீக்குகளில் ஒரு வீரரை நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிப்போட விரும்பினால், கூடுதலாகக் கேட்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஐந்து டாலர் சம்பளத்தில் ஏறும். மலிவாகக் கிடைத்தவரை மலிவாகவே ஆயுளுக்கும் வைத்திருக்க முடியாது.

மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் கனமானது: ‘யாருக்கும் தெரியாத பையனைக் கண்டுபிடித்து ஒரு கோடிக்கு எடுத்தவனின் சாமர்த்தியத்துக்குப் பலன் வேண்டாமா?’

கட்டாயம் வேண்டும். சாய் சுதர்சனை 2022இல் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 பிப்ரவரியில் நடந்த முதல் டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அவருக்கு 21.6 லட்சம் கொடுத்தது. மாநில லீக்கின் விலை ஐபிஎல் விலையைத் தாண்டியது. அதே ஆண்டு ஐபிஎல் இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தார். 2025இல் 759 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பியும் அவருக்கே. அவரை முதலில் கண்ட கண்ணுக்கு மரியாதை உண்டு.

ஆனால் அந்தப் பலனுக்கு எல்லை வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து அணி, ஆளுக்கு நூறு கோடி, மொத்தம் ஆயிரம். எல்லா வீரர்களின் சரியான மதிப்பும் சேர்ந்து ஆயிரம் என்று கொள்வோம். 400 கோடி பெறும் வீரர்களை அணிகள் பழைய விலையில், 250 கோடிக்குத் தக்கவைத்துவிட்டன. ஏலத்துக்கு வருவது 600 கோடி பெறும் வீரர்கள். அவர்களைத் துரத்தும் பணம் 750 கோடி. ஆக, எல்லா விலையும் கால் பங்கு ஏறிவிடும். இருபது பெறுபவர் இருபத்தைந்துக்குப் போவார். அந்த இருபத்தைந்தையும் ‘ஏலம் சொன்னது’ என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறோம். புதிதாகச் சேர்ந்தவரும், போன ஆண்டு தவறவிட்டவரும் ஏறிய விலையில் வாங்கி, ஏறிய விலையையே சுமக்கிறார்கள். மூன்றாவது ஆண்டில் முதல் இரண்டு இடம் யாருக்கு என்பது ஏலத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. நான்காவது ஆண்டு பாதிப் பேர் வருவதில்லை. நல்ல லீக்குகள் இப்படித்தான் கலைந்தன.

‘சரி, போன சீசன் புள்ளியை வைத்து விலை போட்டுவிடலாம்’ என்று சிலர் மறுபக்கம் சாய்கிறார்கள். அதுவும் போதாது. எண்ண வேண்டியது மொத்தப் புள்ளியை அல்ல, ஏலம் போகாமல் மிஞ்சும் ஆளைவிட இவர் எவ்வளவு கூடுதல் என்பதை. பத்து அணிக்கு இருபது கீப்பர் போதும் என்றால், இருபத்தோராவது கீப்பர்தான் பூஜ்யம். அவர் 180 புள்ளி, நம் கீப்பர் 500 புள்ளி என்றால் கூடுதல் 320. பேட்ஸ்மேன்களில் ஏலம் போகாத முதல் ஆள் 350 எடுக்கிறார், நம்மவர் 600 என்றால் கூடுதல் 250தான். அறுநூறு எடுத்தவரைவிட ஐந்நூறு எடுத்த கீப்பருக்குத்தான் விலை அதிகம் இருக்க வேண்டும். 2025 டிசம்பரில் சென்னை அணி பிரஷாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு அன்கேப்டு இளைஞர்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி கொடுத்ததன் பின்னாலும் இந்த எண்ணம் இருக்கிறது: ஆடும் பதினொன்றில் வெளிநாட்டவர் நான்கு பேர்தான், மற்ற ஏழு இடத்துக்கும் நல்ல இந்திய வீரர்கள் அரிது.

கடைசியாக ஒன்று சொல்வார்கள்: ‘விளையாட்டுதானே, இவ்வளவு கணக்கு எதற்கு? லீக் நடத்துபவர் பார்த்து ஒரு தொகை சொன்னால் போகிறது.’ லீக் நடத்துபவருக்கும் ஓர் அணி இருக்கிறது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தன் வீரருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் வீரருக்கும் ஒரே கையால் விலை எழுத வைப்பது அவருக்கே செய்யும் அநியாயம்.

நான் முன்வைப்பது எளிய வழி. சீசன் முடிந்ததும், மேலே சொன்ன கூடுதல் புள்ளிகளுக்கு ஏற்ப ஆயிரம் கோடியைப் பங்கிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பு எடுங்கள். ஏலத்தில் போன விலைக்கும் அந்த மதிப்புக்கும் நடுப்புள்ளிதான் அடுத்த ஆண்டின் ஒப்பந்தத் தொகை. இரண்டு கோடிக்கு எடுத்த பையன் பதினான்கு பெறுகிறான் என்றால் எட்டு. கண்டுபிடித்தவருக்கு இன்னும் ஆறு கோடி லாபம் இருக்கிறது. இருபத்தைந்துக்கு வாங்கியவர் பதினைந்துதான் பெறுகிறார் என்றால் இருபது. இழப்பில் பாதி குறைகிறது, கேட்டவர் தன் பங்கைச் சுமக்கிறார். காயத்தால் பாதி ஆட்டம்கூட ஆடாதவருக்கு மட்டும் பழைய மதிப்பையே ஓராண்டு நீட்டுங்கள். ஒரு சீசனின் முழங்கால் வலியை வைத்து ஆளை எடை போட வேண்டாம்.

உங்கள் லீக்கில் அடுத்த ஏலத் தேதி குறிப்பதற்கு முன்னால் இந்த விதியை எழுதி, போன சீசன் கணக்கை அதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பத்துப் பேருக்கும் அனுப்புங்கள். ஏலத்துக்குப் பிறகு விதியைத் தொடாதீர்கள்.