இருக்கை யாருக்கு?



2025ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கல்லூரி அணிகளுக்கான அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி நடைபெற்றது. (நாம் அறிந்த கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்.) ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 34-23 என்ற கணக்கில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தை வென்றது. அரங்கில் 77,000க்கும் அதிகமானோர் கூடினர். மறுவிற்பனையில் மிகக் குறைந்த விலை டிக்கெட்டே ஆயிரம் டாலருக்கு மேல் போனது.

தோற்ற அணி கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் அணி என்பதால், இந்த விலை நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

திருச்சிலுவை சபையின் அருள்பணி எட்வர்ட் சோரின் 1842இல் தொடங்கிய கல்விக்கூடம் அது. 1920களில் அமெரிக்கக் கத்தோலிக்கர் பெரும்பாலும் அயர்லாந்து, இத்தாலி, போலந்து நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். 1924 மே மாதம், கத்தோலிக்கரை வெறுத்த கூ க்ளக்ஸ் கிளான் அமைப்பினர் சவுத் பெண்ட் நகரில் கூடியபோது, நோட்டர் டேம் மாணவர்கள் அவர்களோடு மோதினர். அதே ஆண்டின் பருவத்தில் அவர்களின் அணி ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. இகழப்பட்ட மக்களுக்கு அந்த வெற்றி எவ்வளவு பெரிய ஆறுதல்! நோட்டர் டேம் அணி நியூயார்க்கில் ஆட வந்தபோதெல்லாம், கல்லூரி வாசலையே மிதிக்காத தொழிலாளர்கள் சுரங்க ரயிலேறி அரங்கத்தை நிறைத்தார்கள். 'சுரங்க ரயில் முன்னாள் மாணவர்கள்' என்று அவர்களுக்குப் பட்டப்பெயரே உண்டு.

அந்தத் தொழிலாளியின் பேரனுக்கு அட்லாண்டாவில் இடம் உண்டா? இத்தகைய போட்டிகளில் பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கும் டிக்கெட்டுகள் முன்னாள் மாணவர், நன்கொடையாளர் போன்றோருக்கே முதலில் செல்கின்றன. மற்றவர்க்கு மறுவிற்பனைதான்.

பயணச் செலவும் சிறிதல்ல. 2024ஆம் ஆண்டுப் பருவம் முதல் 12 அணிகள் மோதும் முறை வந்ததால், நோட்டர் டேம் ரசிகர்கள் ஒரே மாதத்தில் நான்கு ஊர்களுக்கு அலைய நேர்ந்தது. டிசம்பர் 20இல் சவுத் பெண்ட், சனவரி 2இல் நியூ ஆர்லியன்ஸ், 9இல் மயாமி அருகே, 20இல் அட்லாண்டா. இதில் நியூ ஆர்லியன்ஸ் போட்டி, புத்தாண்டு அதிகாலையில் 14 பேரைப் பலிகொண்ட தாக்குதலால் ஒருநாள் தள்ளிப்போனது. தங்க வசதியின்றிப் பலர் ஊர் திரும்ப, டிக்கெட் விலை சரிந்தது, இருக்கைகள் வெறுமையாயின. வராதவர்களுக்குப் பற்று இல்லை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. விடுப்பும் பணமும் தீர்ந்தவர்கள் அவர்கள்.

சந்தை விலையைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்த முடியாது என்பது உண்மையே. ஆனால் தன் பங்கை அது பிரிக்கும் முறை அதன் கையில்தானே உள்ளது? பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்கு நிற்க இடமும் தந்த சபையை யாக்கோபு கடிந்துகொண்டதை நாம் ஆலயத்தில் வாசிக்கக் கேட்டிருக்கிறோம். பயிற்சியாளர் மார்கஸ் ஃபிரீமன் 2022இல் கத்தோலிக்கரானவர். ஆட்ட நாளில் அணியினர் திருப்பலியில் பங்கேற்கும் வழக்கத்தை மீட்டுத் தந்தவர். அப்படிப்பட்ட அணிக்கு, பட்டமும் நன்கொடையும் இல்லாத பங்கு மக்களுக்கென்று சில நூறு இருக்கைகளைக் குறித்த விலையில், குலுக்கல் முறையில் ஒதுக்குவது கடினமான காரியமன்று.