இது வேற பிளேடு

பாண்டியில் ராடும் ரீலும் கையுமாகத் திரியும் இளவட்டங்களுக்கு ஒரு வியாதி உண்டு. சுண்ணாம்பாற்று முகத்தில் நின்று கொடுவாவுக்கு வீசுவார்கள். ஆனால் வீசுகிற ஸ்பின்னர் இறக்குமதிச் சரக்காகத்தான் இருக்க வேண்டும். அட்டையில் வெளிநாட்டுப் பெயர் இருந்தால் மீன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு வந்து கடிக்கும் போலிருக்கிறது! கடற்கரைச் சாலையோரம் கொட்டிக் கிடக்கும் பாறாங்கற்களுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. முள் கல்லிடுக்கில் மாட்டும், நரம்பு அறும், அந்த வாரப் பாக்கெட் மணி கடலோடு போகும். மறுபடியும் ஆர்டர்.

(பிளேடு என்றதும் கடைசி பெஞ்ச் கொட்டாவி விட வேண்டாம். இது வகுப்பில் போடுகிற பிளேடு இல்லை. போலி இரையின் கம்பியைச் சுற்றிச் சுழன்று மீனை ஏமாற்றும் பளபளப்பான தகடு.)

அந்தத் தகட்டில் அப்படி என்ன ராணுவ ரகசியம்? அமெரிக்காவில் ஜூலியோ ப்யூல் என்பவர் 1852-ல் காப்புரிமை வாங்கிய இரையின் மூதாதை சாப்பாட்டுக் கரண்டிதான். ஏரியில் நழுவி விழுந்த கரண்டியை மீன் கவ்வியதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாம். கதை கொஞ்சம் ஜோடனையாக இருக்கலாம், ஆனால் அந்த வகை இரையை உலகம் இன்றும் 'ஸ்பூன்' என்றுதான் சொல்கிறது. ஃபின்லாந்தின் லௌரி ரப்பாலா 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றி வந்த ஜிகினாத்தாளை ஒட்டி, உருக்கிய ஃபோட்டோ நெகடிவ்வை மேலே பூசித்தான் முதல் இரையைச் செய்தார். இன்று பெட்டியோடு பூஜை செய்யப்படும் பிராண்டின் முதல் சரக்கு குப்பையில் போக வேண்டிய சரக்கு! பாண்டி இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த 1938-ல், பிரான்சில் ஆந்த்ரே மெல்னார் மெப்ஸ் ஸ்பின்னரைத் தொடங்கினார். நல்ல சரக்குதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது பெயர் வாங்கியது குளிர்ந்த, தெளிந்த ஆறுகளின் ட்ரௌட் மீன்களிடம்.

இங்கே இருக்கும் தண்ணீரோ வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அரியாங்குப்பம் ஆறும் சுண்ணாம்பாறும் டீ நிறத்தில் இறங்கி வரும்போது எந்தப் பளபளப்பு யார் கண்ணுக்குத் தெரியும்? கலங்கல் தண்ணீரில் மீன் தன் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டால் அதிர்வை உணர்ந்துதான் இரையைத் தேடுகிறது. அதற்கு வேண்டியது வட்டமான, குழி ஆழமான பிளேடு. கொலராடோ என்று பெயர். அது கம்பியை விட்டு அகலமாக விரிந்து, மெதுவாக இழுத்தாலும் தடதடவென்று அதிரும். வில்லோ என்கிற ஒல்லி இலை வடிவம் கம்பியோடு ஒட்டிக்கொண்டு வேகமாகச் சுற்றும், மினுக்கும், அதிர்வு குறைவு. அது தெளிந்த தண்ணீருக்கு. பாக்கெட்டில் எது அழகாக மின்னுகிறதோ அதை வாங்கி வந்துவிட்டு, 'பாண்டியில மீனே இல்ல மச்சி' என்று புலம்பினால் மீன் என்ன செய்யும்?

எதிர்க்கட்சியையும் சும்மா விட முடியாது. எவர்சில்வர் ஸ்பூனை ஆக்சா பிளேடால் இரண்டாக அறுத்து, ஓட்டை போட்டு, வீசிப் பார்த்து, சுழலாததும் 'வீட்ல செஞ்சா இப்படித்தான்' என்று தீர்ப்புச் சொல்கிற கோஷ்டி. கெடுத்தது வீடு இல்லை, அவசரம். சாப்பாட்டு ஸ்பூன் தகடு கனமானது. ஆற்று வேகத்தில் சுழலத் திணறும். அதை வளையத்தில் கோத்து, ஆடி ஆடி வரும் ஸ்பூன் இரையாகப் பயன்படுத்துவதே மரியாதை. சுழல வேண்டுமென்றால் அரை மில்லிமீட்டர் பித்தளைத் தகடு போதும். காயலான் கடையிலும் மகாத்மா காந்தி சாலையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பொறுமையாகக் கிளறுகிறவருக்கு நசுங்கிய தட்டோ டப்பா மூடியோ கிடைக்காமல் போகாது. (காசைத் தட்டிப் பார்க்கலாமே என்கிற விஞ்ஞானிகளுக்கு: நாணயத்தை வெட்டுவதும் உருக்குவதும் 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம். பழைய சி.டி.யும் வேண்டாம், கடலில் பிளாஸ்டிக் ஏற்கனவே போதும்.)

வெட்டிய தகட்டை, குழி தோண்டிய மரக்கட்டை மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தட்ட வேண்டும். தட்டத் தட்டப் பித்தளை விறைக்கும். விறைத்ததை மேலும் அடித்தால் விரிசல்தான். அடுப்பில் மங்கிய சிவப்பு வரும்வரை காட்டி ஆறவிட்டால் மறுபடி இளகும். ஒடுங்கிய முனையில், விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே ஓட்டை. ஓட்டையின் பிசிறை அரத்தால் எடுக்காதவர் பிளேடு செய்யவில்லை, ரம்பம் செய்திருக்கிறார். ஓட்டையில் க்ளெவிஸ் என்கிற 'யு' வடிவக் கொக்கி, அதற்குள் கம்பி, க்ளெவிஸுக்குக் கீழே ஒரு பாசிமணி. பிளேடின் குழிந்த பக்கம் கம்பியைப் பார்க்க வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடுவது இந்த இரண்டில்தான்: குழியைத் திருப்பி மாட்டுவார்கள், இல்லையென்றால் பாசிமணியை மறப்பார்கள். அப்புறமும் சுழலாவிட்டால் குழியை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தலாம், இல்லை க்ளெவிஸ் கம்பியை இறுக்குகிறதா என்று பார்க்கலாம். நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க முன்னால் ஒரு நல்ல ஸ்விவல் அவசியம். அதை மட்டும் காசு கொடுத்து வாங்கட்டும், தப்பே இல்லை.

உப்புத் தண்ணீரில் பித்தளை கறுக்கும் என்பது கடைக்காரரின் கடைசி அஸ்திரம். குத்துவிளக்கும்தான் கறுக்கிறது. பாட்டி அதற்காகப் புது விளக்கா வாங்குகிறார்? புளி போட்டுத் தேய்க்கிறார். பிளேடுக்கும் அதே புளிதான். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து வைத்தால் முள்ளும் சீக்கிரம் துருப்பிடிக்காது. இதைச் செய்யச் சோம்பல் படுகிறவரின் டப்பாவில் இறக்குமதிச் சரக்கும் துருப்பிடித்துத்தான் கிடக்கிறது.