பாறைச் செடியும் குறிப்பேடும்

'கட்டிப்போட்டால் குட்டி போடும்' என்று நம் நாட்டுப்புறத்தார் கூறும் ரணகள்ளியின் இலையைப் புத்தகத்தினுள் வைத்து, அதன் விளிம்பில் சிறு கன்றுகள் முளைப்பதைக் கண்டு வியவாத மாணவர் அரியர். மாணவருக்கு வேடிக்கையாகும் இவ்வுயிர்ப்பிடிப்பு, தாவரம் சேகரிக்கும் வெளிப்பணியாளருக்கோ பெருந்தொல்லையாகும். ரணகள்ளியின் குடும்பமாகிய கிராசுலேசியைச் சேர்ந்தவையே இமயத்தின் பாறையிடுக்குகளில் வளரும் செடம், ரோடியோலா ஆகிய செடிகளும். இலைகளில் நீரைத் தேக்கி வைத்திருப்பதால், அழுத்துபலகைகளுக்கிடையே வைத்த பின்னரும் இவை பல நாட்கள் உயிரோடிருக்கும், பின்னர் இலை உதிரும், பூசணமும் பிடிக்கும். இறுதியில் தாளில் எஞ்சுவது வெறுந்தண்டே.

இதற்கஞ்சி இச்செடிகளைக் கண்டும் காணாதவர்போலக் கடந்து செல்வது முறையன்று. மலர் நீங்கலாக ஏனைய பாகங்களைக் கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தினால் உயிரணுக்கள் மடியும். தடித்த தண்டை நெடுக்காகப் பிளந்து, உறிஞ்சுதாளை நாள்தோறும் மாற்றினால் செடி செவ்வனே உலரும்.

ஆயினும், எம்முறையாலும் காக்கவியலாதன சில உள. இலையின் உருட்சியும் தடிப்பும் தட்டையான தாளில் இரா. மலரின் நிறமும் மங்கிவிடும். ரோடியோலாவில் ஆண்மலரும் பெண்மலரும் பெரும்பாலும் வெவ்வேறு செடிகளில் பூப்பதால், எச்செடியிலிருந்து எது எடுக்கப்பட்டது என்பதையும் குறித்தாக வேண்டும். ஆகவே, பாறையருகே நின்று எழுதும் குறிப்பே மாதிரியின் செம்பாதி என்பது எமது துணிபு. முகாமுக்குத் திரும்பியபின் நினைவிலிருந்து எழுதுவது அதற்கு ஈடாகாது.

லடாக்கில் 'சோலோ' எனப்படும் ரோடியோலாவின் இளந்தளிரை மக்கள் கீரையாக உண்கின்றனர்; அதன் வேர்த்தண்டு மருந்துக்காகத் தோண்டப்படுகிறது. செடிகள் சிலவே உள்ள இடத்தில் நாமும் வேரோடு பிடுங்குதல் தகாது. பூத்த கிளையொன்றை மட்டும் எடுத்து, வேர்த்தண்டின் பருமனையும் செதில்களையும் குறிப்பில் வரைந்து கொள்வதே சாலும்.

பெயர்கள் மாறக்கூடும். 1753-இல் லின்னேயஸ் தனிப் பேரினமாக வகுத்த ரோடியோலாவைப் பின்வந்தோர் பலர் செடத்தில் அடக்கினர். இன்று அது மீண்டும் தனித்தே நிற்கிறது. பெயர் மாறினும் இடம், உயரம், நாள் ஆகியன எழுதப்பெற்ற தாள் பயனிழப்பதில்லை. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள யான், முன்பின் வாக்கியமின்றி வரும் ஒற்றைச் சொல்லின் முன் திகைத்து நின்றதுண்டு. குறிப்பற்ற மாதிரியும் அத்தகையதே.

இப்பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்கலாம். உபாத்தியாயர்கள் ரணகள்ளி இலைகள் இரண்டைக் கொணர்ந்து, ஒன்றைக் கொதிநீரில் தோய்த்தும் மற்றொன்றைத் தோய்க்காமலும் தாளிடை வைத்து, இரண்டு வாரம் நாள்தோறும் கண்டதை அன்றன்றே மாணவர் எழுதுமாறு செய்வார்களாக.