மதகைத் திறக்காமல் குஞ்சு விட்டு என்ன பயன்?

வெலிங்டன் தீவு இயற்கையாக உண்டானதல்ல. 1920இல் கொச்சிக்கு வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கப்பல் வழிக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியது. அதன் ஒரு பக்கம் மட்டாஞ்சேரிக் கால்வாய், மறுபக்கம் எறணாகுளம் கால்வாய். வேம்பநாட்டுக் காயலின் தென்பகுதிக்குக் கடல்நீர் ஏறுவது இந்த இரண்டையும் கடந்துதான். அந்த உப்பைத் தெற்கே, 1970களில் கட்டி முடிக்கப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணை மறிக்கிறது. கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் குட்டநாட்டைக் காப்பதற்கான ஏற்பாடு அது. டிசம்பர் நடுவில் மதகுகளை இறக்கி மார்ச் நடுவில் உயர்த்த வேண்டும். அறுவடை தள்ளிப்போனால் திறப்பும் தள்ளிப்போகும். இந்தத் தாமதத்துக்கு விலை கொடுப்பது ஆற்றுக்கொஞ்சு.

நீலக் கால்களும் கையளவு உடலும் கொண்ட இந்தப் பெரிய நன்னீர் இறால் வளர்வது பம்பை, மீனச்சில், மூவாற்றுப்புழை போன்ற ஆறுகளில். ஆனால் அதன் குஞ்சு நன்னீரில் பிழைக்காது. ஆகவே சினை இறால்கள் வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்தபடி உவர்நீரை நோக்கி இறங்குகின்றன. கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு உப்பே குஞ்சுகளுக்குப் போதும். அதில் ஏறக்குறைய ஒரு மாதம், பதினொரு பருவங்களைக் கடந்த பிறகு அவை ஆற்றை நோக்கித் திரும்புகின்றன. மழை ஓய்ந்த மாதங்களில் நடக்கும் இந்தப் பயணத்தின் பின்பாதியில் மதகு மூடிக் கிடக்கிறது. கீழே பிறந்தவை மேலே போக வழியில்லை.

இதற்கு எப்போதும் முன்வைக்கப்படும் மாற்று, பொரிப்பகத்தில் குஞ்சு உற்பத்தி செய்து காயலில் விடுவது. படம் எடுத்துக்கொள்ள வசதியான திட்டம்! அது எதுவரை உதவும் என்பதற்கு சீனாவின் யாங்சி ஸ்டர்ஜன் சாட்சி. கடலுக்கே போகாமல் ஆற்றிலேயே வாழ்ந்து, மேலாற்றின் கூழாங்கல் படுகையில் முட்டையிடும் மீன் அது. 1981இல் கெசோபா அணை ஆற்றை அடைத்தது. மேலே மேலும் அணைகள் வந்தன. 2000க்குப் பிறகு இயற்கையான இனப்பெருக்கம் தென்படவில்லை. பல ஆண்டுகள் குஞ்சுகளை ஆற்றில் விட்டும், 2022இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை 'இயற்கை வாழிடத்தில் அற்றுப்போனது' என்று அறிவித்தது. திருப்பம் வந்தது வேறு வழியில். கிளையாறான சீசுயியில் சுமார் 300 சிறு அணைகள் அகற்றப்பட்டன. 2025 ஏப்ரலில் அங்கே விடப்பட்ட வளர்ந்த மீன்கள் தாமாகவே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. நம் காவிரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அதற்கு மேலே உல்லம் மீன் ஏறவேயில்லை. தண்ணீர்முக்கத்தில் எதையும் இடிக்க வேண்டியதில்லை, மதகு இருக்கிறது.

உப்பு ஏறினால் நெல் கருகும் என்று விவசாயிகள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. குட்டநாட்டின் நெல்லைப் பலிகொடுத்து இறாலைக் காப்பாற்றச் சொல்பவர் அங்கே வாழ்ந்தவராக இருக்க முடியாது. ஆனால் மதகு நெடுநாள் மூடிக் கிடப்பதற்குக் காரணம் நெல்லல்ல. பாடசேகரம் எனப்படும் ஒவ்வொரு வயல்தொகுப்பிலும் விதைப்பு முன்பின்னாக நடப்பதுதான். ஒரே நாள்காட்டியில் விதைத்தால் மூடும் காலம் குறையும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007இலேயே அரசுக்குத் தந்த அறிக்கையில் பயிர் நாள்காட்டியை வலியுறுத்தியது. உப்புநீர் உள்ளே வந்துபோனால் வாய்க்கால்களை அடைக்கும் ஆகாயத்தாமரையும் மடியும்; அது விவசாயிக்கும் லாபம். கறுப்புச் சிப்பி இனம்பெருகவும் ஓரளவு உப்பு தேவை, அந்தச் சிப்பியை நம்பிக் காயலில் மூழ்கிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். ஏலூர் ஆலைக் கழிவு, மணல் அள்ளுதல், சினை இறாலையும் விட்டுவைக்காத வலை எல்லாம் சேர்ந்துதானே ஆற்றுக்கொஞ்சை அழிக்கின்றன, மதகை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும் என்ற கேள்வியும் சரிதான். அவற்றைத் திருத்தப் பல ஆண்டுகள் ஆகும்; மதகை உயர்த்த ஓர் உத்தரவு போதும்.

மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வெலிங்டன் தீவிலேயே இருக்கிறது. கொச்சியில் மீன்வளப் பல்கலைக்கழகமும் உண்டு. அறிவுக்குப் பஞ்சமில்லை. விதைப்புக்கு முன்பே மதகு திறக்கும் தேதியை அறிவித்து, அறுவடை தாமதத்தைச் சாக்காக்காமல் அந்தத் தேதியில் திறக்க கேரள அரசு முன்வர வேண்டும்.