காதைக் கொஞ்சம் கவனிங்க பாஸ்!

காசிமேடு தொடங்கி எண்ணூர் வரைக்கும், நம்ம ஏரியாவுல நாய் இல்லாத தெரு உண்டா? உங்க தெருவுலயும் பிஸ்கட் போட்டு, மணினு பேர் வெச்ச ஒண்ணு இருக்கும். அது திடீர்னு தலையை உதறிக்கிட்டே இருக்கா? பின்னங்காலால காதைச் சொறியுதா? 'ஸ்டைல் காட்டுது மச்சி'னு சிரிச்சுட்டுப் போயிடாதீங்க. அது வலி!

மெக்கானிக்கல் பாஷையில சொன்னா, நாயோட காது நேர் பைப் இல்லை. எல்போ போட்ட பைப். கீழே இறங்கி, உள்பக்கமாத் திரும்பி, செவிப்பறையில முடியும். அதனால அழுக்கும் ஈரமும் உள்ளேயே தங்கிடும். நம்ம கடலோரப் புழுக்கத்துல ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அங்கே ஜாலியா குடித்தனம் நடத்தும். காது தொங்குற லாப்ரடார்னா அதுங்களுக்கு இன்னும் வசதி. போதாக்குறைக்கு உண்ணி, பொடிப் பூச்சி, அலர்ஜி வேற.

உடனே தெரு டாக்டர்கள் ஆஜராவாங்க. ஒருத்தர் தேங்காய் எண்ணெய்ம்பார், இன்னொருத்தர் மண்ணெண்ணெய்ம்பார். மூணாவது ஆள் தன்னோட காதுக்கு வாங்கின சொட்டு மருந்தையே நீட்டுவார். எதையும் ஊத்தாதீங்க ப்ளீஸ்! செவிப்பறை கிழிஞ்சிருந்தா, சில மருந்துகள் உள்காது வரை இறங்கி, காது கேட்காமலே பண்ணிடும். கிழிஞ்சிருக்கானு வெளியிலேருந்து பார்த்தா தெரியாது. பட்ஸும் வேணாம், அழுக்கை இன்னும் உள்ளேதான் தள்ளும்.

அப்போ எங்கே போறது? 1903-ல ஆரம்பிச்ச சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, வேப்பேரியில இருக்கு. அதோட ஆஸ்பத்திரிக்கு ராயபுரத்துலேருந்து ஆட்டோ தூரம்தான். டாக்டர் ஓட்டோஸ்கோப் வெச்சு உள்ளே பார்ப்பார். துளி அழுக்கை மைக்ராஸ்கோப்ல வெச்சா, ஈஸ்ட்டா, பாக்டீரியாவா, பூச்சியானு தெரியும். மூணுக்கும் மருந்து வேற வேற. சொறியறது நின்னுடுச்சேனு மருந்தைப் பாதியில நிறுத்தினா, திரும்ப வரும்.

நாத்தம், சீழ், ரத்தம், பலூன் மாதிரி வீங்கின காது மடல், தள்ளாட்ட நடை... இதுல எது இருந்தாலும் அன்னிக்கே கிளம்புங்க.

ஒரு எச்சரிக்கை: வலியில இருக்குற நாய், பழகின கையையும் கடிக்கும். கடிச்சா, ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே தடுப்பூசிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

வீட்டு நாய்க்கு ஓனர் இருக்கார். தெரு மணிக்கு? பிஸ்கட் போட்ட நாமதான்! ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டா ஆட்டோ காசு ரெடி. இன்னிக்கே சாயங்காலம் அதோட காதை மோந்து பாருங்க... நாத்தம் அடிச்சா, நாளைக்குக் காலையில வேப்பேரி!