கம்பாரில் இடம் கிடைத்தது, தங்குவது எங்கே?

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்ததும் வீட்டில் எழும் அடுத்த கேள்வி, பிள்ளை எங்கே தங்குவது என்பதுதான். சுங்கை சிப்புட் பெற்றோர் சிலருக்கு அந்தக் கேள்வி ஈப்போவையும் தாண்டி, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கம்பாருக்கு இட்டுச் செல்கிறது.

கம்பார் ஈயத்தால் வளர்ந்த பட்டணம். 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்ததும் சுரங்கத் தொழில் படுத்தது. இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். ஈயக்குட்டைகளும் பழைய கடைவீடுகளுமே மிஞ்சின. 2007இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் அங்கே வளாகம் திறந்த பிறகு காட்சி மாறியது. பழைய ஈயக்குட்டைகள் இன்று வளாகத்தின் ஏரிகள். புதுப்பட்டணத்தின் வரிசை வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போகின்றன. நகல் கடை, சலவை நிலையம், இரவு உணவுக்கடை என எல்லாம் மாணவர்களை நம்பியே நடக்கின்றன. பருவ விடுமுறை வந்தால் தெருக்கள் வெறிச்சோடிவிடும். நேற்று ஈயத்தை நம்பிய ஊர் இன்று மாணவரை நம்பி இருக்கிறது.

இத்தகைய ஊரில் அறை என்பது வணிகச் சரக்கு. மாணவர்களில் பெரும்பாலோர் வளாகத்துக்கு வெளியேதான் தங்குகிறார்கள். முதல் மாத வாடகை, இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத வைப்புத்தொகை எனக் கேட்பது நம் நாட்டு வழக்கம். பிடிபிடிஎன் கடன் கைக்கு வருமுன்பே இந்தப் பணத்தைக் கட்டியாக வேண்டும். போதாக்குறைக்கு, இந்தியர்களுக்கு வீடு இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லும் வாடகை விளம்பரங்கள் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. தகுதி இருந்தும் ஒரு பிள்ளை தயங்கி நிற்பது இந்த வாசலில்தான்.

இதற்கு வழி நம் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன். தனி ஆளால் முடியாததைக் கூட்டாகச் செய்யலாம் என்பதே அவர் காட்டிய பாதை.

அதே பாதையில் சிறிதாகத் தொடங்கலாம். ஆலய நிர்வாகங்களும், இளைஞர் மன்றங்களும், தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து கம்பாரில் ஒரு வீட்டைச் சங்கத்தின் பெயரில் குத்தகைக்கு எடுக்கட்டும். முன்பணத்தைச் சங்கம் கட்டட்டும். மாணவர்கள் மாத வாடகையை மட்டும் செலுத்தட்டும். ஓராண்டு ஒழுங்காக நடந்தால், தஞ்சோங் மாலிமிலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் இதையே செய்யலாம்.

இளைஞர்களுக்கும் கடமை உண்டு. அறையைச் சுத்தமாக வைத்திருங்கள்; வாடகையைத் தவணை தவறாமல் கட்டுங்கள்; அக்கம் பக்கத்தாரிடம் முகம் கொடுத்துப் பேசுங்கள். இன்று நீங்கள் நடந்துகொள்ளும் விதம்தான், அடுத்த ஆண்டு நம் ஊரிலிருந்து பெட்டியோடு வரும் தம்பி தங்கைக்கு அந்தக் கதவைத் திறந்துவிடும்.